எதிர்ப்பாளர் நாற்காலி

மூன்று மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்த பிறகு எவுலாலியா சமாரிப்பாவுக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அதில் பாதி மொழிபெயர்ப்பாளருக்குப் போய்விடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டமன்றக் கட்டடத்தில் மூன்றாம் எண் அறை. ஸ்பானிஷ் பேசும் வம்சாவளியினரான ஹிஸ்பானியர்களின் பொருளாதார மேம்பாட்டுக்கும் கொள்கை ஆய்வுக்கும் ஒரு மாநில அரசு முகமையை உண்டாக்கும் மசோதா அன்று கருத்துக் கேட்புக்கு வந்திருந்தது. இடப்பக்கம் ஆதரிப்பவர்களுக்கு ஒரு மைக். வலப்பக்கம் எதிர்ப்பவர்களுக்கு ஒரு மைக். இரண்டின் மேலும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு போர்டு. இடப்பக்கத்தில் நூற்று நாற்பத்தேழு பேர் நின்றார்கள்: வங்கி மேலாளர்கள், பேராசிரியர்கள், வர்த்தகச் சங்கத்தார், ஒரு பாதிரியார். வலப்பக்கத்தில் எவுலாலியா மட்டும் நின்றாள். ஆதரவாளர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகே எதிர்ப்பாளர் பேச வேண்டும் என்பது அவை விதி.

அவள் ஏன் அந்தப் பக்கம் போய் நின்றாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் கேட்கவில்லை.

அவள் சொல்ல வந்தது சின்ன விஷயம். பத்தொன்பது வருடம் இறைச்சி ஆலையில் பன்றியின் தோள் எலும்பை எடுக்கும் வரிசையில் நின்றாள். மணிக்கட்டு போயிற்று. ஜனவரியில் கணவன் கிரெசென்சியோவும் போனான். அதன் பிறகு சோள மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்து, சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த தமால்களை ஆலை வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்தில் விற்றாள். ஒரு நாள் கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் சுகாதார ஆய்வாளர் வந்து பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுச் சமையலறையில் செய்த இறைச்சியை விற்கக் கூடாதாம். லூத்தரன் தேவாலயத்தார் தங்கள் கீழ்த்தளச் சமையலறையைத் தரத் தயார். அதற்கு அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். "உன்னை மாதிரி ஆளுங்களுக்குன்னு தலைநகர்ல புதுசா ஒரு ஆபீஸ் வருதாம். அங்க போய்ச் சொல்லு" என்றார் ஆய்வாளர், பாதி ஆங்கிலத்தில், பாதி ஜாடையில். நல்ல மனிதர். பானையைத் தூக்கும்போது கைப்பிடிக்குத் துணி சுற்றித்தான் தூக்கினார்.

எவுலாலியா ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த நெரெய்தா ஆங்கிலத்தில் சொன்னாள். நெரெய்தா போர்ட்டோ ரிக்கோக்காரி, ஐம்பது வயது, குரல் கனத்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களின் முறைப்படி, பேசுபவரே பேசுவதுபோல எதையும் 'நான்' என்றே சொல்வாள்.

"ஜனவரியில என் புருஷன் செத்துட்டார். என் பானையை எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் நெரெய்தா.

செனட்டர் க்ரோக்ஸ்டட் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரர் தவறினதுக்கு ரொம்ப வருத்தப்படுறேன்மா" என்றார் நெரெய்தாவைப் பார்த்து.

"என் வீட்டுக்காரன் நல்லாத்தான் இருக்கான் சார். சோபாவுல படுத்து பேஸ்பால் பாத்துக்கிட்டிருப்பான். தவறினது இவங்க வீட்டுக்காரர்."

குறிப்பெழுதுபவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். மணி அடித்தது. எவுலாலியாவின் நேரம் முடிந்தது.

செனட்டருக்கு மணி கிடையாது. அவர் எழுந்து நின்றார்.

"நான் பண்ணையில வளர்ந்தவன். மாடு எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்னா புயல் வருதுன்னு அர்த்தம். நூத்தி நாப்பத்தேழு பேர் ஆமாம்னு சொன்னப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. இந்த மசோதாவைக் கவுக்கணும்னுதான் வந்தேன். ஆனா தன்னோட சொந்த ஜனத்துக்கே எதிரா தனியா ஒரு விதவை எந்திரிச்சு நிக்கிறாங்களே, அதைப் பாத்ததும் என் மனசு மாறிடுச்சு. எதிர்ப்பு இருக்குன்னா பிரச்சினை இருக்கு. பிரச்சினை இருக்குன்னா முகமை வேணும். அதனால ஒரு திருத்தம் கொண்டு வர்றேன். இந்த அம்மாவோட எதிர்ப்பு தீருற வரைக்கும் முகமை இருக்கட்டும். தீர்ந்த அன்னைக்கு மூடிடலாம். சிக்கன அரசாங்கம்னா இதுதான்."

கைதட்டினார்கள். நெரெய்தா அவ்வளவையும் ஸ்பானிஷில் சொல்லி முடிக்கும்போது வாக்கெடுப்பும் முடிந்திருந்தது.

"நான் எப்போ எதிர்த்தேன்?" என்றாள் எவுலாலியா.

நெரெய்தா கையேட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவை நடவடிக்கைக்கு வெளியே மொழிபெயர்ப்பாளர் யாரோடும் பேசக் கூடாது. உதட்டை இறுக்கிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினாள்.

*

கடிதம் ஏழு வாரத்தில் வந்தது. 'மாண்புமிகு எதிர்ப்பாளர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. தேவாலயத்துப் பாதிரியாரின் மனைவி அதை வாசித்து, கை ஜாடையில் பேருந்து, நாற்காலி, மாதம் ஒரு முறை என்று விளக்கினாள். அவளுக்கு ஜாடை நன்றாக வரும்.

எவுலாலியாவின் ஊரில் எல்லோருமே ஜாடையில்தான் பேசிக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஆலை நிர்வாகம் தெற்கே இன்னொரு ஆலை திறந்தபோது மெக்சிகோக் குடும்பங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. கிரெசென்சியோ மட்டும், குளிர்சாதன அறை வேலையை விட மனமில்லாமல், இங்கேயே இருப்போம் என்றான். போனவர்களின் இடத்துக்கு பர்மாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தமால் வாங்க வருபவர்கள் விரலைக் காட்டுவார்கள். இரண்டு விரல் என்றால் இரண்டு. விரலைக் குறுக்கே ஆட்டினால் பன்றி வேண்டாம், பாலாடைக்கட்டி வைத்தது போதும் என்று அர்த்தம். வியாபாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பானை போன பிறகு அந்த விரல்களும் இல்லை.

முகமையின் அலுவலகம் தலைநகரில் நான்காவது மாடியில் இருந்தது. கதவில் பித்தளைப் பலகை இருந்தது, அதில் எழுத்து எதுவும் இல்லை. தங்கள் மக்களை 'ஹிஸ்பானியர்' என்பதா 'லத்தீனோ' என்பதா என்று முடிவு செய்யும் துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருந்தது. அந்தத் துணைக்குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்கும் ஒரு குழு இருந்தது.

உள்ளே நீள மேசை. பதினான்கு நாற்காலி. பதின்மூன்றில் ஆட்களின் பெயர் எழுதியிருந்தது. பதினான்காவதில் 'எதிர்ப்பாளர்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆள் மாறலாம், பதவி நிரந்தரம் என்றார்கள்.

இயக்குநர் டாக்டர் ரொனால்ட் வியசென்யோர் வாசல்வரை வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தார்.

"கோமோ எஸ்தா, சென்யோரா!" என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்ற அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ்.

எவுலாலியாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மணிக்கட்டு குளிருக்கு வலிக்கிறது, பேருந்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, அடுத்த வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, ஐந்து குட்டி, ஒன்று முழுக் கறுப்பு என்று மூச்சு விடாமல் சொன்னாள். டாக்டர் வியசென்யோர் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு நெரெய்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் தெளிவா சொல்றாங்க. சாராம்சம் என்ன?"

"அஞ்சு குட்டி டாக்டர். ஒண்ணு கறுப்பு."

"அருமை" என்றார் அவர்.

கூட்டம் தொடங்கியது. டாக்டர் வியசென்யோர் தன் தாத்தாவைப் பற்றிப் பேசினார். தாத்தா இந்த மாநிலத்தின் சர்க்கரை பீட்ரூட் வயல்களில் முதுகொடிய வேலை செய்தவர். "அவர் குனிஞ்சதாலதான் நான் நிமிர்ந்து நிக்கிறேன். நான் நிமிர்ந்து நிக்கிறதாலதான் நீங்க எல்லாரும் என்னைப் பாக்க முடியுது. ஒரு சமுதாயத்தோட வளர்ச்சி அதுதானே?" ஒவ்வொரு கூட்டத்திலும் தாத்தா குனிந்தார்.

நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது பொருள் வந்தது: எதிர்ப்பு நீடிக்கிறதா?

எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு பதினான்காவது நாற்காலியைப் பார்த்தார்கள். நெரெய்தா கேள்வியை ஸ்பானிஷில் சொன்னாள்.

"என் உரிமம் என்னாச்சுன்னு கேளுங்க" என்றாள் எவுலாலியா.

"என் உரிமம் என்னாச்சு?" என்றாள் நெரெய்தா.

டாக்டர் வியசென்யோர் சட்ட அதிகாரியைப் பார்த்தார். சட்ட அதிகாரி தாளைப் புரட்டினார். "கேள்வியில ஒரு அதிருப்தி தொனிக்குது. எதிர்ப்பு நீடிக்குதுன்னு பதியலாம்."

மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஒருவர் காபி எடுக்கப் போனார்.

உரிமத்தின் நிலை இதுதான். முன்பு கவுண்டியே கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஹிஸ்பானியர் சிறுதொழில் மனுக்கள் யாவும் புது முகமையின் பரிந்துரையோடுதான் வர வேண்டும் என்று கவுண்டி சொல்லிவிட்டது. முகமையோ, தன்னை எதிர்க்கும் ஒருவருக்குத் தானே பரிந்துரை வழங்குவது நெறிமுறைக்கு முரண் என்றது. எதிர்ப்பை விலைக்கு வாங்கியதாக ஆகிவிடுமாம்.

"எதிர்ப்பு தீர்ந்துட்டா?" என்று எவுலாலியா கேட்டாள்.

"அப்போ முகமையை மூடிடுவோம். மூடினா நிலுவையில இருக்கிற மனுவெல்லாம் கவுண்டிக்கே போயிடும். பதினாலு நாள்ல அவங்க கொடுத்தாகணும்" என்றார் சட்ட அதிகாரி. சொன்னவர் தண்ணீர் குடித்தார். "ஆனா அதுவரைக்கும் போக வேண்டாமே."

தான் எதையும் எதிர்க்கவில்லை என்று அவள் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் பத்தாவது பொருளை நெரெய்தா சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தக் கனத்த குரல் அவள் காதுக்குப் பக்கத்திலேயே, அவளுடைய மொழியில், வேலைவாய்ப்புக் குறியீட்டெண் பற்றிச் சொல்லிக்கொண்டே போயிற்று. எவுலாலியா கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தையாக இருந்தது.

*

இப்படி மாதத்தின் இரண்டாவது வியாழன் அவளுடையதாயிற்று. புதனன்றே மேல்கோட்டைத் துடைத்து மாட்டிவிடுவாள். காலைப் பேருந்தில் இரண்டே முக்கால் மணி நேரம். கூட்டத்தில் அவளுக்கு ஒரு மஃபின், ஒரு குடுவைத் தண்ணீர், நெரெய்தாவின் வாய்வழியாக நான்கு மணி நேர ஸ்பானிஷ்.

ஆய்வுப் பிரிவினர் அவளை ஆய்வு செய்தார்கள். கைகளைப் படம் எடுத்தார்கள். ஒரு நாளில் எத்தனை முறை நம்பிக்கை இழப்பீர்கள், ஒன்றிலிருந்து ஏழு வரை சொல்லுங்கள் என்றார்கள். அவள் சந்தோஷமாக நான்கு என்றாள். கேட்டவர் தலையசைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை வெளிவந்தது. உணவுத் தொழிலில் இறங்கும் ஹிஸ்பானியப் பெண்களுக்கு உரிமம் கிடைப்பதில் தாமதம் ஏற்படுகிறது, காரணம் தெரியவில்லை, மேலும் ஆய்வு தேவை என்று அது முடிந்தது.

டிசம்பரில் அவள் ஒரு தவறு செய்தாள். கிறிஸ்துமஸ் வருகிறதே என்று நாற்பது தமால் செய்து, துணி சுற்றி, கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். விற்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு.

மூடியைத் திறந்ததும் அறையே மாறிப்போயிற்று. பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். கணக்கு அதிகாரி, ஒரு நாளும் பேசாதவர், "எங்க அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். டாக்டர் வியசென்யோரின் கை கூடையை நோக்கிப் பாதி வழி வந்தது.

"டாக்டர்" என்றார் சட்ட அதிகாரி. "உரிமம் இல்லாத சமையலறை."

கை திரும்பிப் போயிற்று.

பாதுகாப்பு அலுவலர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கூடையை எடை போட்டு, 'சரிபார்க்கப்படாத கலாசாரப் பொருள்' என்று சீட்டு ஒட்டி, நீல நிறப் பையில் போட்டுக் கட்டினார். டாக்டர் வியசென்யோர் தழுதழுத்த குரலில் பேசினார்: "இந்த வாசனை இருக்கே, இதுதான் நம்மளோட உண்மையான மூலதனம். இதை யாரும் நம்மகிட்டேயிருந்து பறிக்க முடியாது. குறிப்புல எழுதிக்கோங்க." அலுவலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

எவுலாலியா மாடிப்படியில் உட்கார்ந்து காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது மேலே கதவு திறந்தது. நெரெய்தா. கையில் ஒரு தமால்.

"அந்தக் கையுறைக்காரன் முப்பத்தொம்பதுதான் எண்ணியிருப்பான்" என்றாள். படியில் உட்கார்ந்து மடலை உரித்தாள். ஒரு கடி கடித்தாள். "ஐயோ, தோன்யா எவுலாலியாம்மா. உங்க மாவு என்னமோ மேகம் மாதிரி இருக்கு. எங்க ஊர்ல வாழைக்காய் போட்டு, இலையில கட்டிச் செய்வோம். உங்க மெக்சிகோக்காரங்களுக்கு வாழைக்காய்ன்னா என்னன்னே தெரியாது, பாவம்."

"உங்களுக்குத்தான் மிளகாய்ன்னா என்னன்னு தெரியாது" என்றாள் எவுலாலியா. "கண்ணுல தண்ணி வருதே. மூக்கைத் தொடைங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு படிக்கட்டில் கீழ்வரை இறங்கிப் போயிற்று.

"உங்களோட பேசினது தெரிஞ்சா என் சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க" என்று நெரெய்தா விரலை நக்கினாள். "பரவால்ல. ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு இந்த ஆபீஸ் மேல அப்படி என்ன கோவம்?"

எவுலாலியா மடலை வாங்கி மடித்தாள். மறுபடி மடித்தாள். பதில் சொல்வதற்குள் கீழே யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. நெரெய்தா எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அறிமுகம் இல்லாதவளைப் போல மேலே ஏறிப் போனாள்.

*

ஏப்ரலில் பாதிரியாரின் மனைவி வீட்டுக்கு வந்தாள். வெகுநேரம் ஜாடை காட்டினாள். கீழ்த்தளம், தையல், பல பெண்கள், நாட்காட்டியில் முதல் தேதி. உரிமம் வராவிட்டால் மே மாதத்திலிருந்து சமையலறையை மெத்தை விரிப்பு தைக்கும் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் அவள் எவுலாலியாவின் தோளில் கை வைத்து, தன் கண்ணைக் காட்டி, கண்ணீர் வழிவதுபோல் விரலை இறக்கினாள். அதற்கு வருந்துகிறேன் என்று அர்த்தம்.

அந்த மாதத்து இரண்டாவது வியாழனில் ஆண்டுப் புதுப்பிப்பு விசாரணை. மறுபடியும் மூன்றாம் எண் அறை. செனட்டர் க்ரோக்ஸ்டட் நடுவில். டாக்டர் வியசென்யோர் சாதனைகளை வாசித்தார்: முப்பத்தொரு கூட்டம், ஆறு துணைக்குழு, ஒரு அறிக்கை. "எல்லாத்துக்கும் மேல, நம்மகிட்ட ஒப்படைக்கப்பட்ட எதிர்ப்பை ஒரு துளி சேதமில்லாம வருஷம் முழுக்கக் காப்பாத்தியிருக்கோம். வேற எந்த மாநிலத்துக்கும் இப்படியொரு எதிர்ப்பு கிடையாது." பிறகு கண்ணாடிக் கேடயம் ஒன்றை எடுத்து எவுலாலியாவிடம் நீட்டினார். அதிலும் 'எதிர்ப்பாளர்' என்றுதான் இருந்தது. கீழே பெயருக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

"இவங்க பேர் என்ன?" என்று அவர் குனிந்து நெரெய்தாவிடம் கேட்டார். "முழுப்பேர்?"

நெரெய்தா சத்தமாக மொழிபெயர்த்தாள். "இவங்க பேர் என்னன்னு டாக்டர் என்கிட்டக் கேக்குறார்."

எவுலாலியா கேடயத்தை மேசையில் வைத்தாள்.

செனட்டர் படிவத்தைப் பிரித்தார். "இந்த வருஷம் புதுசா ஒரு கட்டம் சேத்திருக்காங்க. எதிர்ப்புக்கான காரணம். ஒரு வரி போதும்." அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "இதை நாம இதுவரைக்கும் கேக்கவே இல்லையா?"

"கொள்கை வேறுபாடுன்னு போட்டுடலாம் செனட்டர்" என்றார் டாக்டர் வியசென்யோர் அவசரமாக. நெரெய்தா பக்கம் சாய்ந்தார். "கொள்கை வேறுபாடுன்னு சொல்லச் சொல்லுங்க."

"நீங்க கொள்கை வேறுபாடுன்னு சொல்லணுமாம். அப்படிச் சொல்லச் சொல்லி டாக்டர் என்கிட்டச் சொல்றார்" என்று நெரெய்தா அட்சரம் பிசகாமல் ஸ்பானிஷில் சொன்னாள்.

எவுலாலியா எழுந்தாள். 'கொள்கை வேறுபாடு' என்று சொல்லிவிட்டால் மே மாதம் இரண்டாவது வியாழன் இருக்கும். பேருந்து, மஃபின், காதோரத்தில் அந்தக் குரல். சொல்லாவிட்டால் ஒரு சமையலறை இருக்கும். பானையிலிருந்து ஆவி எழும். வாசலில் விரல்கள் நீளும், இரண்டு, மூன்று, நான்கு. யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

அவளுக்கு முன்னால் பதின்மூன்று பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பிறகு பார்த்தால், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது நெரெய்தாவை.

"எனக்கு இந்த ஆபீஸ் மேல கோவமே கிடையாது" என்றாள் எவுலாலியா. "நான் எதையும் எதிர்க்கல. அன்னைக்கும் எதிர்க்கல."

நெரெய்தா ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் எதையும் எதிர்க்கல. அன்னைக்கும் எதிர்க்கல."

டாக்டர் வியசென்யோர் நாற்காலியின் கையைப் பிடித்தார். பின்வரிசையில் யாரோ கோப்பை ஒன்றைக் கீழே போட்டார்கள். செனட்டர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"அப்புறம் எதுக்கும்மா அந்தப் பக்கம் போய் நின்னீங்க?" என்றார், நெரெய்தாவிடம்.

நெரெய்தா கேள்வியைத் திருப்பிச் சொன்னாள். எவுலாலியா செனட்டரைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த நெரெய்தாவைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தப் போர்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நீங்க உக்காந்து போன்ல உங்க தங்கச்சியோட சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. ஏதோ ஒரு துணிப்பெட்டி விஷயம். என் வீட்டுக்காரர் போய் அன்னைக்கு எழுபத்தொம்பது நாள். அதுவரைக்கும் பக்கத்துல நின்னு நம்ம பாஷையில ஒருத்தர் பேசி நான் கேக்கல. அதான் வந்து நின்னேன்."